கதைகளில் வரும் பிள்ளையும் எங்கள் வீட்டுப் பிள்ளையும்



ஓர் உணவு விடுதியில் பல்குச்சிப் பெட்டியொன்று பணிப்பெண்ணின் கை தவறித் தரையில் விழுந்து சிதறுகிறது. அருகில் இருக்கும் ஒருவர் அதை ஒரு கணம் நோக்கிவிட்டு, விழுந்தவை 246 என்கிறார். பெட்டியில் எஞ்சிய நான்கையும் கூட்டினால் கணக்குச் சரியாக வருகிறது. 1988-ஆம் ஆண்டு வெளிவந்த 'ரெய்ன் மேன்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தில் இடம்பெற்ற காட்சி இது. டஸ்டின் ஹாஃப்மன் என்னும் நடிகர் அதில் ரேமண்ட் என்ற ஆட்டிசமுடைய மனிதராக நடித்தார். அப்படம் 4 ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. ஆட்டிசம் என்னும் சொல்லைப் பலர் முதன்முதலாகக் கேள்விப்பட்டதே அப்படத்தின் வாயிலாகத்தான்.

நீங்கள் அப்படத்தைப் பார்த்திராமல் இருக்கலாம். ஆயினும் அக்காட்சி உங்கள் இல்லத்திற்கும் வந்து சேர்ந்திருக்கிறது. எப்படி என்கிறீர்களா? ஆட்டிசமுடைய பிள்ளை ஒருவனைப் பற்றிக் கேள்விப்பட்டவுடன், "அவனிடம் ஏதோ ஒரு தனித்திறமை இருக்குமாமே?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அக்கேள்வி பெரும்பாலும் அங்கிருந்து புறப்பட்டு வந்ததுதான்.

பதினாறு ஆண்டுகளாக அக்கேள்விக்கு விடை கூறி வருபவள் நான். திண்டுக்கல் நாகல் நகரில் குடியிருக்கிறோம். என் மகனுக்கு இப்பொழுது இருபது வயது. நான்காம் வயதில் மதுரையில் ஒரு மருத்துவர் அவனுக்கு ஆட்டிசம் என்று உறுதி செய்தார். மூத்தவள் ஒரு மகள், அவளுக்குத் திருமணமாகிவிட்டது. திருமணத்திற்கு முன்னர் சில ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவள் என்பதால், எதைப் பார்த்தாலும், எதைப் படித்தாலும் குறிப்பெடுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அப்படி எடுத்த குறிப்புகளிலிருந்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நம் குடும்ப இதழில் சினிமாவைப் பற்றி எழுதுவதா என்று முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பார்ப்பதில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். உங்கள் மருமகள் பார்க்கிறாள். உங்கள் சம்பந்தி வீட்டார் பார்க்கிறார்கள். எங்கள் பிள்ளையை எப்படி நோக்க வேண்டும் என்பதை அவர்கள் அங்கேதான் கற்றுக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். ஆகவே அங்கே என்ன கற்பிக்கப்படுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

மீண்டும் அந்தத் தனித்திறமைக்கு வருகிறேன். ரேமண்டின் பாத்திரத்தை உருவாக்கத் தூண்டுதலாக இருந்தவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த கிம் பீக் என்பவர். 1951-இல் பிறந்து 2009-இல் மறைந்த அவர், படித்த நூல்களையெல்லாம் நினைவில் வைத்திருந்த அபூர்வ மனிதர். ஆனால் அவருக்கு இருந்தது ஆட்டிசம் அன்று. வேறொரு பிறவிக் குறைபாடு என்றே பின்னர் கருதப்பட்டது. ஆட்டிசமில்லாத ஒருவரின் நினைவாற்றலை எடுத்து ஆட்டிசமுடைய ஒரு பாத்திரத்திற்கு அணிவித்தார்கள். அன்று முதல் உலகிலுள்ள ஆட்டிசப் பிள்ளைகள் அனைவரும் அந்தச் சட்டைக்குள் பொருந்தியாக வேண்டியதாயிற்று. அத்தகைய வியத்தகு ஆற்றல் ஆட்டிசமுடையோரில் ஒரு சிறு பகுதியினரிடமே உண்டு என்பதுதான் அறிஞர்கள் கூறும் உண்மை.

என் மகனுக்குப் பூட்டுகள் மீது தீராத விருப்பம். பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊரல்லவா இது! 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு திரைக்கதை ஆசிரியரிடம் என் மகனை ஒப்படைத்தால் என்ன செய்வார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. எவராலும் திறக்க இயலாத பழைய பெட்டகமொன்றை இடைவேளைக்குப் பின் அவன் விரல் பட்டதும் திறக்க வைப்பார், ஊரே கைதட்டும். உண்மையில் அவனுக்குப் பூட்டுச் செய்யவும் தெரியாது. சாவியின்றித் திறக்கவும் தெரியாது. எங்கள் வீட்டு மாங்காய்ப் பூட்டில் சாவியைத் திருப்பும்போது எழும் 'டக்' என்ற ஒலிதான் அவனுக்கு வேண்டும். அதை நாற்பது முறை கேட்பான். கேட்டபின் முகம் மலர்ந்து உட்கார்ந்துவிடுவான். உறவினர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அவ்வளவுதானா?" என்று கேட்டார். அவர் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆட்டிசம் என்பதுதான் யாது? மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே அமைந்த ஒரு வேறுபாடு. பேச்சு, பிறரோடு பழகுதல், ஒலி ஒளி தொடுகை ஆகியவற்றை உணர்தல் ஆகிய யாவும் மற்றவர்களிடமிருந்து மாறுபட்டிருக்கும். ஒருவருக்கு இருப்பதுபோல் மற்றொருவருக்கு இராது. இதற்குத் தமிழில் நாம் வைத்துள்ள பெயர்களைப் பாருங்கள். மன இறுக்கம் என்றார்கள், மதியிறுக்கம் என்றார்கள். 'புற உலகச் சிந்தனையற்ற' என்னும் அடைமொழியை அரசுப் படிவங்களில் காண்கிறோம். அதுவும் ஒருவகைக் கற்பனைதான் என்பேன். என் மகனுக்குப் புற உலகம் இல்லாமல் இல்லை. அளவுக்கு மீறி இருக்கிறது. எங்கள் தெருவில் தறி ஓசை, குக்கர் சீறல், ரவுண்டானாவில் பேருந்துகளின் ஹாரன், ரயில் நிலையத்து அறிவிப்பு ஆகிய இவற்றையெல்லாம் நீங்களும் நானும் காதில் வாங்காமல் விட்டுவிடுகிறோம். அவனால் எதையும் விட இயலாது. காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நிற்பவனைக் கண்டு, 'உலக நினைவே இல்லாதவன்' என்று எழுதுகிறார்கள்.

இனித் தாய்மார்களைப் பற்றி. கதைகளில் வரும் தாய் ஒன்று தியாகத்தின் திருவுருவாக இருப்பாள், அல்லது பிரசவத்திலேயே இறந்துவிடுவாள். உண்மை வாழ்வில் அவள் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள். சூலுற்றிருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்தாயா, அதிக மாத்திரை விழுங்கினாயா, பிள்ளையைத் தொலைக்காட்சி முன் உட்கார வைத்துவிட்டு வேலை பார்த்தாயா என்று என்னைக் கேட்காதவர் குறைவு. தாயத்து கட்டியவர்களும் உண்டு. தண்ணீர் ஓதித் தந்தவர்களும் உண்டு. அவர்களாவது அன்பினால் செய்தார்கள்.

படிக்காதவர்கள்தாம் இப்படிப் பேசுவார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 1943-இல் லியோ கன்னர் என்னும் மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக உலகிற்குக் காட்டியது. அப்பிள்ளைகளின் பெற்றோரிடையே அன்பு ததும்பும் உள்ளம் உடையோர் மிகச் சிலரே என்று அதில் அவர் குறிப்பிட்டுவிட்டார். அதன்பின் பாசமற்ற தாயே இதற்குக் காரணம் என்ற கருத்து பரவியது. குளிர்சாதனப் பெட்டிக்கு ஒப்பான தாய்மார்கள் என்றே பெயர் சூட்டினார்கள். புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-இல் ஒரு நூலே எழுதி அக்கருத்துக்கு வலுவூட்டினார். ஆட்டிசமுடைய மகனைப் பெற்ற உளவியலாளரான பெர்னார்ட் ரிம்லாண்ட், 1964-லேயே அது தவறென்று சான்றுகளோடு எழுதியிருந்தார். இன்று அறிவியல் உலகம் அக்கருத்தை முற்றாகக் கைவிட்டுவிட்டது. ஆனால் கற்றோர் இட்டுக்கட்டிய அக்கதையும் எங்கள் தெருவில் கேட்ட கதையும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றனவே, அதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது!

தமிழ்த் திரைப்படங்களுக்கு வருவோம். 1990-இல் வந்த மணிரத்னத்தின் 'அஞ்சலி' உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அக்குழந்தைக்கு ஆட்டிசம் என்று படம் கூறவில்லை. வேறொரு வளர்ச்சிக் குறைபாடு. குழந்தை இறந்தே பிறந்தது என்று மனைவியிடம் கூறிவிட்டுத் தந்தை அதை மறைவாக வளர்க்கிறார். பின்னர் வீட்டிற்கு அழைத்து வருகிறார்கள். அண்ணனும் அக்காளும் முதலில் வெறுத்து, பின்னர் நேசிக்கிறார்கள். எல்லோரும் நேசிக்கத் தொடங்கியதும் குழந்தை இறந்துவிடுகிறது. அழாமல் அரங்கை விட்டு வந்தவர் யார்? நானும் அழுதிருக்கிறேன். ஆனால் இன்று அதை நினைக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. அக்குழந்தை இறவாமல் இருபது வயதுப் பெண்ணாக வளர்ந்திருந்தால் அந்த அடுக்குமாடியில் உள்ளவர்கள் என்ன செய்திருப்பார்கள்? கதைகளில் வரும் இத்தகைய பிள்ளைகள் பிறரை நல்லவர்களாக்குவதற்காகவே பிறந்து, அப்பணி முடிந்ததும் விடைபெற்றுக்கொள்கிறார்கள். எங்கள் பிள்ளைகளோ மாஷா அல்லாஹ் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார்கள், மீசை வைக்கிறார்கள், மாதத்திற்கு ஒருமுறை செருப்பைத் தொலைக்கிறார்கள்.

ஆட்டிசத்தைப் பெயர் சொல்லியே எடுத்துக்கொண்ட தமிழ்ப் படம் என்றால் 2013-இல் வந்த 'ஹரிதாஸ்'தான். குமாரவேலன் இயக்கியது. காவல்துறை அதிகாரியான தந்தையாகக் கிஷோரும், ஆசிரியையாகச் சினேகாவும், மகனாகப் பிருத்விராஜ் தாஸ் என்னும் சிறுவனும் நடித்தார்கள். அச்சிறுவனின் பார்வையும் விரல்களும் நடையும் என் மகனைக் கண்முன் நிறுத்தின. மகனின் மனம் எதில் செல்கிறது என்று அறியத் தந்தை தவிக்கும் தவிப்பும் பொய்யன்று. நேர்மையான முயற்சி என்று தயங்காமல் கூறுவேன். ஆயினும் அங்கும் பிள்ளை மாரத்தான் ஓட வேண்டியிருந்தது. ஓடாமல் வெறுமனே வீட்டில் இருக்கும் பிள்ளையைப் பற்றி ஒரு படம் எடுக்க இன்னும் எவருக்கும் துணிவு வரவில்லை.

நம் வாசகர்களுக்கு நெருக்கமான படம் வேறொன்று. 2010-இல் கரண் ஜோஹர் இயக்கி, ஷாருக்கான் நடித்த 'மை நேம் இஸ் கான்' என்னும் இந்திப் படம். கதாநாயகன் ரிஸ்வான் ஒரு முஸ்லிம். ஆஸ்பெர்கர் என்று அக்காலத்தில் வழங்கிய வகையைச் சேர்ந்த ஆட்டிசமுடையவன். மும்பையில் எளிய குடும்பத்தில் வளர்கிறான். 1983-இல் கலவரம் மூண்டபோது, அவன் தாய் ஒரு தாளில் மனித உருவங்களை வரைந்து, மனிதரில் நல்லவர் தீயவர் என இரு வகையினரே உண்டு, வேறு பிரிவு இல்லை என்று கற்பிக்கிறாள். சரீனா வஹாப் நடித்த அந்தத் தாயை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பிள்ளைக்குப் புரிய வேண்டுமானால் படம் வரைந்துதான் சொல்ல வேண்டும் என்பதை அவள் எந்தப் பயிற்சி நிலையத்திலும் கற்கவில்லை. நம் வீடுகளில் உள்ள தாய்மார்களும் அப்படித்தானே கண்டுபிடிக்கிறார்கள்?

பின்னர் அவன் அமெரிக்கா செல்கிறான். 2001 செப்டம்பர் 11-க்குப் பின் அவன் குடும்பத்தின் மீது துயரம் இறங்குகிறது. தான் பயங்கரவாதி அல்லன் என்பதை அந்நாட்டு அதிபரிடம் நேரில் சொல்வதற்காக நாடு முழுவதும் அலைகிறான். அவன் பேசும் முறையையும் அவன் தவிப்பையும் விமான நிலையக் காவலர்கள் ஐயத்தோடு நோக்குகிறார்கள். பின்னர் சிறையிலும் அடைக்கப்படுகிறான்.

அப்படத்தை நான் இருமுறை பார்த்தேன். முதன்முறை அழுதேன், இரண்டாம் முறை யோசித்தேன். ரிஸ்வான் பொய் சொல்லத் தெரியாதவன், சூது அறியாதவன், சொன்ன சொல்லை உள்ளபடியே எடுத்துக்கொள்பவன். ஒரு முஸ்லிம் நல்லவன் என்று உலகை நம்பவைப்பதற்கு, அவன் பொய் சொல்லவே இயலாதவனாகப் படைக்கப்பட வேண்டியிருந்தது! அதுவும் போதவில்லை, புயலில் சிக்கிய ஒரு சிற்றூரையே அவன் காப்பாற்ற வேண்டியும் இருந்தது. ஆட்டிசம் அங்கே ஒரு நன்னடத்தைச் சான்றிதழாகப் பயன்பட்டிருக்கிறது. ஆட்டிசமுள்ளவர்கள் எல்லாரும் வானவர்கள் என்ற எண்ணமும் அதனால் வலுப்பெறுகிறது. என் மகன் பொய் சொல்வான். பிஸ்கட் டப்பாவைக் காலி செய்துவிட்டு, பூனை தின்றுவிட்டது என்பான். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. முதன்முறை அவன் அப்படிச் சொன்ன நாளில், இவ்வளவு பேசக் கற்றுக்கொண்டானே என்று நானும் என் கணவரும் மகிழ்ந்துபோனோம்.

ஆனால் அப்படத்தில் ஒன்றை மறுக்க மாட்டேன். விமான நிலையக் காட்சி உண்மை. நான்கு ஆண்டுகளுக்கு முன் மஃரிப் நேரத்தில் என் மகன் வீட்டை விட்டு வெளியேறிவிட்டான். நாலைந்து தெரு தள்ளி, பூட்டியிருந்த ஒரு வீட்டின் கதவில் தொங்கிய பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். பூட்டைப் பிடித்து நிற்கும் இளைஞனை யார்தான் என்னவென்று நினைப்பார்கள்? இருவர் பிடித்துக்கொண்டார்கள். பெயர் கேட்டார்கள், அவன் சொல்லவில்லை. மீண்டும் அதட்டிக் கேட்டதும், கேட்ட கேள்வியையே அவர்களிடம் திருப்பிச் சொன்னான். ஆட்டிசமுடைய பலருக்கு உள்ள இயல்பு அது. அவர்களுக்கோ அது திமிராகத் தெரிந்திருக்கிறது. ஓர் அடியும் விழுந்துவிட்டது. பெயர் தெரிந்திருந்தால் இன்னும் என்னென்ன கேட்டிருப்பார்களோ என்று அன்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வழியே வந்த சௌராஷ்டிர நெசவாளர் ஒருவர், எங்கள் தெருக்காரர், அவனை அடையாளம் கண்டு, "இது நம்ம புள்ள, விடுங்கப்பா" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார். அவர் எந்தப் படத்தையும் பார்த்து அதைக் கற்றவரல்லர். பதினைந்து ஆண்டுகளாக அவனைத் தினமும் பார்த்தவர், அவ்வளவே.

'மை நேம் இஸ் கான்' படத்தில் பலர் கவனிக்காத ஒரு பாத்திரமும் உண்டு. ரிஸ்வானின் தம்பி ஜாகிர். தாயின் கவனம் முழுதும் அண்ணன் பக்கமே சென்றதால் மனம் புண்பட்டு, வளர்ந்ததும் அமெரிக்கா சென்றுவிடுகிறான். என் மகள் அப்படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, அந்தத் தம்பியைப் பத்தி ஏன் இவ்வளவு கொஞ்சமா சொல்லிட்டாங்க?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். உடன்பிறந்தாரைப் பற்றிக் கதைகள் கொஞ்சமாகத்தான் சொல்கின்றன. பொறாமைப்படுவார்கள், பின்னர் திருந்துவார்கள். அத்தோடு அவர்கள் வேலை முடிந்தது. உண்மையில், பெற்றோர் மறைந்தபின் அவர்களுக்குத்தான் கதையே தொடங்குகிறது.

அவளுக்கு வரன் பார்த்த கதையைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். முதல் வரன் பார்க்க வருவதாக இருந்த நாளுக்கு முன்தினம், இடையில் நின்று பேசிய அம்மாள் எனக்கு ஒரு யோசனை சொன்னார். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் தம்பியை வத்தலக்குண்டுல அவங்க நன்னி வீட்டுக்கு அனுப்பி வச்சிருங்க. நிக்காஹ் முடிஞ்சப்புறம் தெரிஞ்சா என்ன ஆயிறப் போவுது?" நல்லெண்ணத்தில் சொன்னார் என்பதில் ஐயமில்லை. எத்தனையோ வீடுகளில் அப்படி நடந்திருக்கிறது. அடுத்த அறையில் பூட்டி வைத்த கதையையும் கேட்டிருக்கிறேன். நானும் என் கணவரும் விடை சொல்லும் முன்பே, உள்ளிருந்து மகள் வந்து, "தம்பி ஹால்ல எப்பவும் உக்கார்ற இடத்துலதான் உக்காருவான். இல்லைன்னா அவங்க வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

வந்தார்கள். அவன் கையில் பூட்டோடு தன் இடத்தில் உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளையின் தாயார் முகமலர்ச்சியோடு, "இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு பெரிய திறமை இருக்குமே, படத்துல பாத்திருக்கேன். தம்பிக்கு என்ன?" என்று கேட்டார். என் கணவர், "இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிடுவான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர்களோடு வந்திருந்த மற்றொரு பெண்மணி தாழ்ந்த குரலில், "பொண்ணுக்குப் பொறக்கப்போற பிள்ளைகளுக்கும் வருமா?" என்று கேட்டார். அக்கேள்வியை நான் குறை கூற மாட்டேன். குடும்பவழியாகவும் வரக்கூடிய வாய்ப்பு உண்டு, வரும் என்ற உறுதி இல்லை, எந்தக் குடும்பத்திலும் பிறக்கலாம் என்று மருத்துவர் எங்களுக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர்கள் பிறகு திரும்பி வரவில்லை. அன்றிரவு மகள் அழவில்லை. தேநீர்க் கோப்பைகளைக் கழுவி அடுக்கினாள். மறு ஆண்டு வேறோர் இடம் அமைந்தது. அந்த மாப்பிள்ளை வந்தவுடன் மைத்துனன் அருகில் அமர்ந்து, அந்தப் பூட்டைக் கேட்டு வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

இக்காட்சியை நான் எந்தத் திரைப்படத்திலும் கண்டதில்லை. காதலும் சண்டையும் நீதிமன்றமும் உண்டு. பெண் பார்க்க வந்த இடத்தில் தேநீர் ஆறிப்போகும் காட்சி இல்லை.

நாவல்களில் நிலைமை சற்று மேல் என்பேன். மார்க் ஹேடன் என்னும் ஆங்கில எழுத்தாளர் 2003-இல் வெளியிட்ட நாவலொன்று உலகப் புகழ் பெற்றது. பக்கத்து வீட்டு நாய் கொல்லப்பட்ட மர்மத்தைப் பதினைந்து வயதுச் சிறுவன் கிறிஸ்டோபர் துப்பறியும் கதை அது. கணக்கில் புலி என்ற பழைய சட்டையைத்தான் அவனுக்கும் அணிவித்திருக்கிறார். ஆனால் பெற்றோரைப் பாருங்கள்! தாய் பொறுமையிழந்து வீட்டை விட்டுப் போய்விட்டவள். தந்தை, தாய் இறந்துவிட்டாள் என்று மகனிடம் பொய் சொல்லி, அவள் எழுதிய கடிதங்களை ஒளித்து வைத்தவர். இருவருமே தவறு செய்தவர்கள். இருவருமே மகனை நேசிப்பவர்கள். தியாகத் திருவுருவங்களைப் பார்த்துச் சலித்த எனக்கு, களைத்துப் போகும் ஒரு தாயைக் கதையில் கண்டது ஆறுதலாக இருந்தது. ஆட்டிசம் என்ற சொல்லே கதைக்குள் எங்கும் வராது என்பதும் ஒரு நயம்.

தமிழில் யெஸ். பாலபாரதி இவ்விஷயத்தில் தொடர்ந்து எழுதி வருபவர். 'ஆட்டிசம் – சில புரிதல்கள்' என்ற அவரது நூல் பெற்றோர் கையில் இருக்க வேண்டியது; 'துலக்கம்' என்ற நாவலும் எழுதியிருக்கிறார். லஷ்மி பாலகிருஷ்ணனின் 'எழுதாப் பயணம்' தாயொருவரின் அனுபவமாக வந்தது. கதையும் அனுபவமும் இவ்வாறு பெற்றோரின் கையிலிருந்து வரும்போது அந்தப் பழைய அச்சு சிறிது சிறிதாக உடைகிறது. ஆட்டிசமுடையவர்களே எழுதும்போது இன்னும் உடைகிறது. அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின் தம் வாழ்க்கையை 1986-லேயே நூலாக எழுதிவிட்டார். தமிழில் அப்படியொரு குரலைக் கேட்க ஆவலாக இருக்கிறேன்.

நடிப்பவர்கள் யார் என்பதும் இப்பொழுது பேசப்படுகிறது. ஹாஃப்மன் முதல் ஷாருக்கான் வரை ஆட்டிசமில்லாதவர்களே நடித்தார்கள், புகழும் பெற்றார்கள். 2025-இல் ஆமிர்கான் நடித்து, நம் தமிழ்நாட்டவரான ஆர். எஸ். பிரசன்னா இயக்கிய 'சிதாரே ஜமீன் பர்' என்னும் படத்தில், கூடைப்பந்துக் குழுவினராக ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம் முதலிய நிலைகளை உடையவர்களே நடித்தார்கள். 2018-இல் வந்த ஸ்பானியப் படத்தைத் தழுவியது அது. அவர்கள் திரையில் கேலி பேசுகிறார்கள், கோபிக்கிறார்கள், காதலிக்கிறார்கள். பார்க்க நிறைவாக இருந்தது. ஆயினும் கதை என்னவோ பயிற்சியாளர் திருந்துவதைப் பற்றித்தான்!

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2012-இல் வந்த 'பர்ஃபி' என்ற இந்திப் படத்தில் பிரியங்கா சோப்ரா ஏற்ற ஜில்மில் பாத்திரத்தைத் தவிர, ஆட்டிசமுடைய பெண் ஒருத்தி நம் நாட்டுத் திரையில் முன்னிலை பெற்றதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வீடுகளிலும் அப்படித்தான். அமைதியான பெண், கூச்ச சுபாவம் என்று சொல்லியே அவர்களை மருத்துவரிடம் காட்டாமல் விட்டுவிடுகிறோம்.

ரெய்ன் மேன் படத்தைப் பற்றித் தொடங்கினேன். பல்குச்சிகளை நினைவில் வைத்திருக்கும் உலகம் அப்படத்தின் கதையை மறந்துவிட்டது. தந்தை இறக்கிறார்; தம் சொத்தில் பெரும்பகுதியான 30 லட்சம் டாலரை, விடுதியில் வாழும் மூத்த மகன் ரேமண்டின் பராமரிப்புக்காக ஒரு பொறுப்பாளரிடம் விட்டுச் செல்கிறார். இப்படியோர் அண்ணன் இருப்பதையே அறியாத தம்பி, பணத்திற்காக அவனைக் கடத்திச் செல்கிறான். பெற்றவர்களுக்குப் பின் இப்பிள்ளை யார் பொறுப்பில்? அதுதான் அப்படத்தின் வினா. எங்களைப் போன்றவர்களை இரவில் உறங்கவிடாத வினாவும் அதுவே.

நம் நாட்டில் அதற்கொரு வழி உண்டு, அறியாதவர்கள் அறிந்துகொள்ளுங்கள். 18 வயது நிறைந்தபின் பெற்றோர்கூடத் தாமாகவே சட்டப்படியான காப்பாளர் ஆவதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உடையோருக்காக 1999-இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியரை உள்ளிட்ட உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் நியமனம் பெறலாம். பெற்றோரும் விண்ணப்பிக்கலாம், உறவினரும் விண்ணப்பிக்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தைத் தன் 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

சென்ற ஆண்டு நாங்களும் விண்ணப்பித்தோம். மகளும் மருமகனும் உடன் வந்தார்கள். சித்திரை மாதம், திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையிலிருந்து அனல் வீசியது. விசாரணையின்போது அங்கிருந்த அலுவலர் ஒருவர் எங்களை ஒதுக்கிவிட்டு என் மகனையே நேராக நோக்கி, "தம்பி, உங்களை யார் பாத்துக்கணும்?" என்று கேட்டார். அப்படியொரு கேள்வியை அதுவரை அவனிடம் எவரும் கேட்டதில்லை. அவன் அதற்கு விடை சொல்லவில்லை. தலைக்கு மேலே கடகடத்துக்கொண்டிருந்த பழைய மின்விசிறியைக் காட்டி, "நிறுத்து" என்றான். அலுவலர் எழுந்து சென்று அதை நிறுத்தினார். வியர்வை வழிய வழிய எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அவர் அதே கேள்வியை மீண்டும் ஒருமுறை கேட்டார்.